இடது இமை

ஜூன் 9
இன்றும் அதே கதை. காலையில் பேப்பரின் பொடி எழுத்து வரை படித்த அப்பா, விளக்கு வைக்கிற நேரத்தில் இடது இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு செய்தி பார்க்கிறார். அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள்.

ஜூன் 10
தஞ்சாவூர். கையுறைக்குள் ஐஸ் கட்டி போட்டு, மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் வைத்தார் டாக்டர். எடுத்ததும் இமை மேலே ஏறியிருந்தது. அப்பா, ஏதோ வித்தை காட்டிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார். நரம்பின் கட்டளையைத் தசைக்குச் சேர்க்கிற ரசாயனம் அசிட்டைல்கோலின். குளிரில் அதைச் சிதைக்கும் நொதி மந்தமாகிவிடும், வேறொன்றுமில்லை. ஆனால் ஏறிய இமையைக் கண்ணால் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் புரட்டியது. அப்படியானால் அதுதான். மயஸ்தீனியா கிராவிஸ், நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகச் சேராத நோய்.

ரத்தம் சென்னைக்குப் போகிறது.

ஜூன் 11
மருந்துக் கடையை அடைத்த பிறகும் வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. டி.பார்ம் காலத்துப் புத்தகத்தை எடுத்தேன்.

நரம்பு நுனியில் அசிட்டைல்கோலின் கொட்டுகிறது. தசையின் மேலுள்ள ஏற்பிகள் அதைப் பிடிக்க, மின் அலை ஒன்று தசையிழையின் ஆழம் வரை ஓடுகிறது. உள்ளே பைகளில் பூட்டிவைத்த கால்சியம் வெளியே வருகிறது. அது ட்ரோபோனின் என்ற புரதத்தில் ஒட்டியதும், ஆக்டின் இழையை மறைத்துக் கிடந்த ட்ரோபோமையோசின் நகர்கிறது. உடனே பக்கத்து மையோசின் இழையின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கின்றன. ஒரு இழுப்புக்கு ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூட நகர்வதில்லை. இரண்டு இழைகளும் நீளம் குறைவதே இல்லை, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கித்தான் தசை சுருங்குகிறது. 1954இல் நேச்சர் இதழில் ஒரே வாரம் இரண்டு குழுக்கள் இதைச் சொன்னார்கள். இரண்டிலும் ஒரு ஹக்ஸ்லி. சொந்தக்காரர்கள்கூட இல்லை.

அப்பாவுக்கு இதில் எதுவுமே கெடவில்லை. கால்சியம் இருக்கிறது, மையோசின் இருக்கிறது, நரம்பும் சரி. முதல் வாசலில்தான் கோளாறு. மூட்டை தூக்கிய தோள் அப்படியே இருக்க, ஒரு இமை தூக்க முடியவில்லை என்றால் யாரிடம் போய்க் கோபப்படுவது?

ஜூன் 12
மேட்டூர் திறந்துவிட்டார்கள். கல்லணைக்கே மூன்று நாள். நம் கடைமடைக்கு எப்போதோ.

ஜூன் 14
அப்பாவே கேட்டார், சொன்னேன். நரம்பு கொட்டுவதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை உடம்பின் எதிர்ப்புப் பொருளே அடைத்தும் அழித்தும் வைத்திருக்கிறது. அடுத்தடுத்து வேலை வாங்கினால் நரம்பு கொட்டும் அளவு எல்லோருக்குமே குறையும், மற்றவர்களுக்கு உபரி இருப்பதால் தெரியாது, அதனால்தான் உங்களுக்குச் சாயங்காலம் மோசம் என்று.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "வாய்க்கால்ல தண்ணி வருது. வயலுக்குப் போற மடையைத்தான் எவனோ அடச்சிட்டான். அப்படித்தானே தம்பி?"

"ஆமாப்பா."

"மாத்திரை மடையைத் திறந்துவிடுமா?"

"இல்லப்பா, வடிகாலை அடைக்கும். தண்ணி கூடக் கொஞ்ச நேரம் நிக்கும். மிச்சமிருக்கிற மடையில ஏறும்."

"அப்ப அடச்சவன்?"

அவனுக்கு ஸ்டீராய்டு. சர்க்கரை உள்ளவருக்கு ஸ்டீராய்டு. அதை இன்று சொல்லவில்லை.

ஜூன் 15
வரப்பு வெட்டப் போனவர் ஒருவர் கடைக்கு நொண்டிக்கொண்டே வந்தார். கெண்டைக்காலில் குரக்களி. பிடித்த பிடி விடமாட்டேன் என்கிறதாம். வீட்டில் ஒன்று பிடிக்கவே மாட்டேன் என்கிறது.

அலமாரி முழுக்க இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன். சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், ஜென்டாமைசின், புரோப்ரனலால், மெக்னீசியம் ஊசி. எல்லாமே அப்பாவின் நோயைக் கிளறிவிடக் கூடியவை. பட்டியல் எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். சளிக்குப் பக்கத்து வீட்டு மாத்திரை கூடாது, யார் கொடுத்தாலும். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள்.

ஜூன் 16
தெருவில் ஒரு சாவு. குளிப்பாட்டும்போது கை மடங்கவில்லை. பற்றிய ஆக்டினை மையோசின் விடுவதற்கே ஏடிபி வேண்டும், செல்லுக்கு ஆற்றல் தருகிற பொருள். மூச்சு நின்றால் ஏடிபி தீர்ந்துபோகும், பற்றியது பற்றியபடி. இதையெல்லாம் யோசிக்காமல் மாலை போட்டுவிட்டு வந்திருக்கலாம்.

ஜூன் 17
ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் தொடங்கச் சொன்னார் டாக்டர். பைரிடோஸ்டிக்மின், முதல் மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னால். முக்கால் மணி நேரத்தில் இமை ஏறியது! மூன்று வாய்க்கு ஒரு தடவை தாடையைக் கையில் தாங்காமல், முருங்கைக்காயைச் சவைத்துத் துப்பினார். அம்மா கறிவேப்பிலை எடுக்கிற சாக்கில் கொல்லைக்குப் போய்விட்டாள்.

1934இல் கிரீனிச்சில் மேரி வாக்கர் என்ற டாக்டர் பார்த்ததும் இதைத்தான். இந்த நோய், தசையை முடக்கும் க்யூராரே விஷம் ஏறிய மாதிரி இருக்கிறதே என்று, அதன் முறிவு மருந்தான ஃபைசோஸ்டிக்மினைப் போட்டுப் பார்த்தார். தொங்கிய இமை ஏறியது. எவ்வளவு எளிமையான யோசனை. அந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு.

ராத்திரி வயிறு கடமுட. குடலுக்கும் அதே அசிட்டைல்கோலின்தானே.

ஜூன் 18
நாலு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது.

ஜூன் 20
ரிப்போர்ட் வரவில்லை. போன் எடுக்கிறார்கள், "நாளைக்கு" என்கிறார்கள்.

மூச்சை இழுக்கிற உதரவிதானமும் இமை மாதிரி எலும்புத் தசை வகைதான். இமைக்கு வந்தது அங்கேயும் வரலாம். ஒரே மூச்சில் எண்ணச் சொல்லித் தினமும் பார்க்கச் சொன்னார் டாக்டர். அப்பா ஒன்று என்று தொடங்குவதில்லை. களத்தில் நெல் அளக்கிற பழக்கம், "லாபம், ரெண்டு, மூணு" என்று ராகம் போட்டு இழுக்கிறார். மூச்சு அதிலேயே வீணாகிறது. "வேகமா சொல்லுங்கப்பா" என்றால், "அளவுல அவசரம் ஆகாது" என்கிறார். முப்பதைத் தாண்டினார். எனக்கு அது போதவில்லை. தூங்கும்போதும் போய் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன்.

ஜூன் 21
வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதாம். போய்ப் பார்க்க நேரமில்லை.

ஜூன் 23
பாசிடிவ். நெஞ்சு சி.டி. எடுக்க வேண்டும், நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிற தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க. பத்தில் ஒருவருக்காவது இருக்குமாம். நாளை ஆறு மணி பஸ், மாத்திரையை ஐந்துக்கே கொடுத்துவிட வேண்டும். சர்க்கரை ரிப்போர்ட்டையும் எடுத்துவை என்று அம்மாவிடம் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள்.