டேப் தர வருபவர்களிடம் இரண்டு கேள்வி

கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ யாராவது தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு டேப் (டேப்லட் கணினி) வாங்கித் தருகிறோம் என்று சொன்னால், இன்டர்நெட் இல்லாமல் அது வேலை செய்யுமா, டீச்சர்மாருக்கு யார் பழக்கிக் கொடுப்பது, இந்த இரண்டையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். தருகிறவர் மனம் கோணிவிடுமோ என்று நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம். மஸ்கெலியாப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் மாலை, சால்வை, போட்டோ எல்லாம் முடிந்த பிறகு பாஸ்வேர்ட் யாரிடம் என்றே தெரியாமல் டேப் எல்லாம் அலுமாரிக்குள் கிடக்கின்றன. அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பெரு நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மடிகணினி. 319 ஆரம்பப் பாடசாலைகளை வைத்துச் செய்த ஆய்வு 2012இல் வந்தது. பொதுவான சிந்தனைத் திறனில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் கணிதத்திலும் மொழியிலும் புள்ளி கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை.

நமக்கு 2020 போதாதா? மார்ச்சில் பாடசாலைகளை மூடினார்கள், பாடம் வட்ஸ்அப்புக்குப் போனது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், ராத்திரி வந்தால் டேட்டா இருக்காது, டேட்டா இருந்தால் சிக்னலுக்கு மலையேற வேண்டும். கடைசியில் டீச்சர்மார் பயிற்சித்தாள் அடித்து லயம் லயமாகக் கொண்டுபோய்க் கொடுத்ததுதான் பல பிள்ளைகளுக்குக் கிடைத்த படிப்பு.

அதனால்தான் லேர்னிங் ஈக்வாலிட்டி என்ற இலாப நோக்கற்ற அமைப்பு செய்துள்ள கோலிப்ரி என்ற மென்பொருள் எனக்குப் பிடித்திருக்கிறது. இலவசம். சிக்னல் கிடைக்கும் இடத்தில் வைத்து ஒரு கணினியில் பாடங்களை ஒருதடவை இறக்கிக்கொண்டால் போதும், அப்புறம் வகுப்பில் ஒரு சாதாரண ரவுட்டர் வழியாக மற்ற டேப்பும் போனும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும், இன்டர்நெட்டே வேண்டாம். ராஸ்பெர்ரி பை என்கிற உள்ளங்கையளவு கணினியிலும் ஓடும். எந்தப் பிள்ளை எந்தக் கணக்கில் நிற்கிறது என்று டீச்சர் தன் திரையில் பார்க்கலாம், மூன்றாம் தரத்தையும் நாலாம் தரத்தையும் ஒரே ஆளாகச் சமாளிக்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று அந்த வகுப்பில் நின்றவர்களுக்குத் தெரியும். ஒரு தரத்துக்குப் பாடம் சொல்லும்போது மற்றத் தரம் சும்மா இருக்காது.

நம் பாடத்திட்டம் அதில் இருக்குமா என்று கேட்பீர்கள். நாமே ஏற்றிக்கொள்ளலாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்கள் தமிழில் இலவசமாக இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வேண்டுமென்றால் பிரதம் புக்ஸ் என்ற இந்தியப் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய உண்டு, இறக்கலாம், அச்சடிக்கலாம், காசு கேட்க மாட்டார்கள்.

ஆனால் டீச்சர் பழகாவிட்டால் இதுவும் அலுமாரிக்குத்தான் போகும். ஆகவே காசு சேர்ப்பவர்களே, பத்து டேப் குறைத்து வாங்குங்கள், அந்தக் காசில் ஒவ்வொரு தவணையும் ஒருவர் வந்து டீச்சர்மாரோடு உட்கார வழி செய்யுங்கள். அட்டன், தலவாக்கலைப் பக்கம் யாராவது போட்டுப் பார்க்க நினைத்தால் எனக்கு எழுதுங்கள். பழைய லேப்டாப் ஒன்றும் ரவுட்டர் ஒன்றும் இருந்தால் சனிக்கிழமை வந்து போட்டுத் தருகிறேன்.