இல்லாத காலில் இருக்கும் வலி

கிளிநொச்சியில் இயன்மருத்துவராகப் பணிபுரிந்துகொண்டே, நரம்புப் பண்பேற்றம் (மின்தூண்டல் போன்றவற்றால் நரம்புகளின் செயற்பாட்டை மாற்றுதல்), வலி மேலாண்மை ஆகியவை பற்றிய பகுதிநேர இணையவழிப் பட்டப்பின் படிப்பொன்றில் சேர்ந்திருக்கிறேன். இலண்டனில் மாலை 6 மணிக்குத் தொடங்கும் விரிவுரை, குளிர்காலத்தில் இங்கே இரவு 11.30க்குத்தான் வருகிறது. இந்த வயதில் எதற்குப் படிப்பு என்று வீட்டில் கேட்கிறார்கள்.

முல்லைத்தீவுப் பக்கமிருந்து வரும் ஐயா ஒருவர், போரில் இழந்த காலின் பெருவிரல் இன்னும் எரிகிறது என்று சொல்லும்போது, "அது மனப்பிரமை" என்று அனுப்பிவிட என்னால் முடியவில்லை.

1965இல் வலி ஆய்வாளர்களான மெல்சாக்கும் வோலும் முன்வைத்த வாயில் கோட்பாட்டின்படி, தொடுகையைக் கடத்தும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்படும்போது, மெல்லிய இழைகள் கொண்டுவரும் வலிச்செய்தி, மூளைக்குப் போகும் வழியில், முண்ணாணிலேயே (தண்டுவடத்திலேயே) தணிக்கப்படுகிறது. இடிபட்ட முழங்காலை நாம் நம்மையறியாமல் தடவிக்கொள்வதும் இதனால்தான். கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும், 1967இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் நோர்மன் ஷீலி முதன்முதலாக முண்ணாணை மின்னால் தூண்டி வலியைத் தணிக்க முயன்றதற்கு அதுவே அடிப்படை.

உடலுக்குள் பொருத்தும் அத்தகைய கருவியின் விலை எங்கள் மக்களுக்கு எட்டாதது. தோலின் மேல் ஒட்டி, மெல்லிய மின்னோட்டத்தால் நரம்புகளைத் தூண்டும் டென்ஸ் (TENS) கருவியும், தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் அறிமுகப்படுத்திய, இருக்கும் காலின் பிம்பத்தை இழந்த காலாகக் கண்ணாடியில் காணச்செய்யும் கண்ணாடிச் சிகிச்சையும் எட்டக்கூடியவை; எல்லோருக்கும் பலன் தருவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஐயாவுக்காக நிலைக்கண்ணாடி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த கிழமை தொடங்குகிறோம்.