ஏழு பேர், மூன்று நிமிடம்

பவானியில் ஜமக்காளம் நெய்யும் ஒரு கூட்டுறவுச் சங்கம் விளம்பரப் படம் எடுத்துத் தரச் சொன்னது. கல்யாண வீடியோவில் எனக்கு 12 வருடப் பழக்கம். ஏழு பேரைப் பேசவைத்து மூன்று நிமிடத்தில் முடிப்பது பெரிய காரியமா என்று ஒப்புக்கொண்டேன். ஆகஸ்ட் 7, தேசியக் கைத்தறி நாளன்று கண்காட்சியில் ஓட வேண்டும். கையில் மூன்று வாரம் இருந்தது.

முதல் தப்பு என்னுடையது. ஏழு பேருக்கும் நானே வசனம் எழுதிக் கொடுத்தேன். ஒத்திகையில், முப்பது வருடமாகச் சாயம் காய்ச்சுகிறவர், "பாரம்பரியமிக்க எங்கள் தயாரிப்புகள்" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல ஒப்பித்தார். அடுத்து நடந்தது அதைவிட மோசம். தாளை வாங்கி வைத்துவிட்டு, தோன்றியதைச் சொல்லுங்கள் என்றேன். புவிசார் குறியீடு கிடைத்த கதையை மட்டும் நான்கு பேர் சொன்னார்கள்.

அன்று இரவு நோட்டில் ஏழு பெயர்களை எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே ஒரே ஒரு விஷயத்தை வைத்தேன். சாயக்காரருக்குச் சிவப்பு நிறம். கடையில் நிற்கும் பெண்ணுக்கு, வாங்க வருகிறவர்கள் முதலில் எதைத் தடவிப் பார்க்கிறார்கள் என்பது. வெளியூர் வேலையை விட்டுத் தறிக்குத் திரும்பிய இளைஞருக்கு, அவர் வீட்டில் என்ன சொன்னார்கள் என்பது. தலைவருக்குச் சட்டம்: கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டிய துணிகளைப் பட்டியலிட்டு 1985-இல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஜமக்காளமும் இருக்கிறது, ஆனாலும் விசைத்தறிச் சரக்கு பவானிப் பெயரில் விலைபோகிறது. அதை அவர் சொன்னால்தான் எடுபடும். முதலில் பேசுவது யார் என்ற கேள்வியை மட்டும் நான் தொடவில்லை. மரியாதை சம்பந்தப்பட்ட விஷயத்தைப் படப்பிடிப்புக்கு முன்பே பேசித் தீர்க்க நினைத்தால் படப்பிடிப்பே நடக்காது.

தறிக்கூடத்தில் வேறு சிக்கல். ஒருவர் பேசும்போது மற்ற தறிகள் ஓடினால் ஒரு சொல்கூடக் கேட்காது. நிறுத்தச் சொல்லலாம்தான். ஆனால் அங்கே நெய்த அளவுக்குத்தான் கூலி. தறி நின்றால் வருமானமும் நின்றுபோகும். எனவே பேட்டிகளை எல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வைத்துக்கொண்டேன், ஒரு நாளைக்கு இரண்டு பேர் வீதம். ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடுவதையும் கால்மிதி இறங்குவதையும் வேலை நேரத்தில் தனியாக எடுத்தேன். ஒவ்வொரு பேட்டி முடிந்ததும் யாரையும் அசையவிடாமல் அரை நிமிடம் வெறும் அமைதியைப் பதிவு செய்தேன். பிறகு வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை நிரப்ப அதுதான் கைகொடுத்தது.

கூடத்தில் இருந்த பழைய டியூப் லைட்டுகள் முதல் நாளே காலை வாரின. திரையில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்தன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 நொடி என்று மாற்றி, ஒவ்வொரு பிரேமிலும் சரியாக இரண்டு மினுக்கல் விழவைத்த பிறகுதான் பட்டைகள் அடங்கின. தலைவரோ நெருக்கமான பொடிக்கட்டம் போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்தார். கேமராவில் அந்தக் கட்டங்கள் பூச்சி ஊர்வதுபோல் நெளிந்தன. வீட்டுக்குப் போய் வெள்ளைச் சட்டை மாற்றிவரச் சொல்ல எனக்கு இருந்த துணிச்சல் முழுவதும் செலவானது.

ஏழு பேரும் ஒரே பக்கம் பார்த்துப் பேசினால், அடுத்தடுத்து ஒட்டும்போது வரிசையில் நிற்பவர்கள்போல் இருக்கும். அதனால் லென்ஸுக்கு ஒருமுறை இடப்பக்கமும் அடுத்தமுறை வலப்பக்கமும் உட்கார்ந்து கேள்வி கேட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த பேச்சு எழுபது வயது நெசவாளர் அம்மாவுடையது. முதலில் எதுவும் தேறவில்லை. "எத்தனை வருடமாக நெய்கிறீர்கள் அம்மா?" என்றால் "ஐம்பது" என்பார். என் கேள்வி படத்தில் வராது. வெறும் "ஐம்பது" யாருக்குப் புரியும்? போதாததற்கு மைக், தாலிக்கொடியில் உரசிச் சரக் சரக் என்றது. மைக்கைத் தோள்பட்டைப் பக்கம் நகர்த்தி, அவரைக் குழித்தறியிலேயே உட்காரவைத்து, கையில் நாடாவைக் கொடுத்தேன். கால் தானாக மிதியைத் தேடியது. "இந்தக் குழிக்குள் இறங்கும்போது எனக்கு இருபது வயது கண்ணு. மேலே ஏறும்போதெல்லாம் சோறாக்கத்தான் ஏறினேன்" என்றார். நான் அடுத்த கேள்வி கேட்கவில்லை.

மொத்தம் இரண்டு மணி நாற்பது நிமிடம் சேர்ந்தது. எல்லாப் பேச்சையும் தாளில் எழுதிக் கத்தரித்து, வீட்டுக் கூடத்தில் ஜமக்காளத்தின் மேலேயே பரப்பி மூன்று நாள் மாற்றி மாற்றி அடுக்கினேன். மின்விசிறி போட முடியாது என்பதால் வியர்வையில் நனைந்தபடி. அம்மா முதலில், தலைவர் கடைசியில் என்று முடிவானது. முடித்துவைக்கும் பொறுப்பு பெரியவர்களுக்குத்தான் என்று தலைவரிடம் சொன்னேன். முழுப் பொய்யும் இல்லை.

சங்க அலுவலகத்தில் போட்டுக் காட்டியபோது, தலைவர் தன் பங்கு 22 நொடி என்று எண்ணிவிட்டுப் பேசாமல் இருந்தார். அம்மா இன்னொரு முறை போடச் சொன்னார். தன் முகத்தைப் பார்க்க ஆசை என்று நினைத்தேன். நான் பெருமையோடு நெருக்கத்தில் எடுத்திருந்த நாடா ஓடும் காட்சி வந்ததும் நிறுத்தச் சொல்லி, எழுந்து போய்த் திரையில் விரல் வைத்தார்.

"இந்தச் சிவப்புப் பட்டையில் ஓர் இழை தளர்ந்திருக்கிறது பார். இதையா ஊருக்குக் காட்டப் போகிறாய்?"

மறுநாள் மதியம் மறுபடி கேமராவைத் தூக்கிக்கொண்டு பவானிக்குப் போனேன்.