நியூ ஜெர்சியில் விவசாய நில வரிச் சலுகை: யாருக்கு எளிது, யாருக்குக் கடினம்

விவசாய நிலத்துக்குச் சந்தை மதிப்பில் அல்லாமல் விவசாய மதிப்பில் குறைந்த சொத்து வரி விதிக்கக் கோரும் விண்ணப்பம்தான் எஃப்.ஏ.-1 படிவம். அதை நிரப்புவது எளிது. அதை டவுன்ஷிப் (உள்ளாட்சி) அலுவலகம் ஏற்கச் செய்வதற்குத்தான் பெரும்பாடு பட்டோம். அடுத்த ஆண்டு வரிக்கான விண்ணப்பத்தை ஆகஸ்ட் 1-க்குள் கொடுக்க வேண்டும். எங்கள் வெண்டையும் கத்தரியும் மிளகாயும் நன்றாகக் காய்ப்பதோ ஆகஸ்டில்தான். ஜூலை இறுதியில் சென்றபோது, இந்த ஆண்டு விற்பனை சலுகைக்குத் தேவையான 1,000 டாலரை எட்டவில்லை என்று கூறி எழுத்தர் கோப்பைத் திருப்பித் தந்துவிட்டார். எடிசன் பகுதி இந்திய மளிகைக் கடைகளில் கையால் எழுதித் தந்த ரசீதுகளையும் அவர் ஏற்கவில்லை. போதாததற்கு, கொட்டகை நிற்கும் இடத்தைக் கழித்துவிட்டு, நிலம் குறைந்தபட்சத் தேவையான ஐந்து ஏக்கருக்குக் குறைவு என்றார்.

இந்தச் சலுகையைத் தரும் 1964-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. வீடும் அதனுடன் சேர்ந்து பயன்படும் இடமும் மட்டுமே கழிக்கப்படும். கொட்டகை, குளம், வாய்க்கால் ஆகியவை அமைந்த நிலம் கணக்கில் சேரும். விற்பனைத் தொகையாக, வரி ஆண்டுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளின் சராசரியைக் காட்டலாம், அல்லது நியாயமான காலத்துக்குள் வருமானம் வரும் என்பதற்குத் தெளிவான ஆதாரம் தரலாம். முந்தைய ஆண்டுகளின் ரசீதுகள், விதையும் நாற்றும் வாங்கிய பில்கள், கொள்முதல் செய்வதாகக் கடைக்காரர் முத்திரையிட்டுத் தந்த கடிதம், கொட்டகை குறிக்கப்பட்ட சர்வே வரைபடம் ஆகியவற்றுடன் வரி மதிப்பீட்டாளரையே நேரில் பார்த்தோம். அவர் படித்துப் பார்த்துப் பெற்றுக்கொண்டார். சிறு நிலக்காரர்கள் எழுத்தர் சொல்வதை முடிவாகக் கொள்ளாமல் மதிப்பீட்டாளரைச் சந்திக்க வேண்டும். கொடுத்த விண்ணப்பத்தின் நகலில் தேதி முத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு அலைந்த பிறகு, இந்தச் சலுகையால் உண்மையில் பயன்பெறுவோர் யார் என்ற கேள்வி என்னை விடவில்லை. முதல் ஐந்து ஏக்கருக்கு 1,000 டாலர் விற்பனை காட்ட வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு ஏக்கர் பயிர்நிலத்துக்கும் 5 டாலரே போதும். ஆகவே 100 ஏக்கர் பயிர்நிலம் வைத்திருப்பவர் 1,475 டாலருக்கு வைக்கோற்புல் விற்றதாகக் காட்டினால், அவ்வளவு நிலத்துக்கும் சலுகை கிடைத்துவிடும். புல்லை வளர்த்து அறுப்பவர் பெரும்பாலும் ஒரு குத்தகை விவசாயி. குறைந்த வரியோ நில உரிமையாளரின் பெயரில் வருகிறது. வீட்டுமனைத் திட்டத்துக்கு அனுமதி கிடைக்கும்வரை நிலத்தை வைத்துக் காத்திருக்கும் நிறுவனமும் இதே வழியைப் பின்பற்றலாம். பின்னர் நிலப் பயன்பாட்டை மாற்றினால், நடப்பு ஆண்டுக்கும் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்கும் மட்டுமே ரோல்பேக் வரி, அதாவது சலுகையால் மிச்சப்பட்ட வரியைத் திரும்பக் கேட்கும் வரி, விதிக்கப்படும். எத்தனை ஆண்டுகள் சலுகை பெற்றிருந்தாலும் அதற்கு மேல் கேட்க முடியாது. இந்த வரம்பு 1963-இல் வாக்காளர்கள் ஏற்ற திருத்தத்தின் வழியாக மாநில அரசியலமைப்பிலேயே இடம்பெற்றிருப்பதால், சட்டமன்றம் ஒரு சாதாரணச் சட்டத்தால் இதை நீட்டிக்க இயலாது.