முதல் ஓட்டத்தில் மட்டும் தோன்றிய எச்சரிக்கை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் கோயில்களின் பழைய கூட்டக் குறிப்புகளைத் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்திலிருந்து யூனிகோடுக்கு மாற்ற நான் பராமரித்துவரும் கட்டற்ற மென்பொருள், நேற்றிரவு முதன்முறையாக ஓர் எச்சரிக்கையும் இன்றி, மென்பொருளைக் கட்டமைக்கும் கருவியான சிமேக்கைக் கடந்தது. மூன்று வார மாலைப்பொழுதுகளை விழுங்கியது சி.எம்.பி.0077 என்ற ஒன்றுதான்; ஆப்ஷன் கட்டளை பழைய முறையில் நடப்பதா, புதிய முறையில் நடப்பதா என்பதைத் தீர்மானிக்கும் சிமேக் கொள்கை அது.

எங்கள் மென்பொருள் பயன்படுத்தும் ஒரு துணை நூலகத்தின் (பிறர் எழுதிய நிரல் தொகுப்பு) சோதனைகள் வேண்டாம் என்று எங்கள் முதன்மைச் சிமேக் கோப்பான மேற்கோப்பில், மாறிக்கு மதிப்பு தரும் செட் கட்டளையால் எழுதியிருந்தும், கட்டமைப்பின் விளைவுகள் சேரும் பில்ட் அடைவை அழித்துவிட்டு ஓட்டினால் அவை அனைத்தும் சேர்ந்துகொண்டன; மறுமுறை ஓட்டினால் சோதனைகளும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. சிமேக் 3.13க்கு முந்தைய நடத்தையில், ஓட்டங்களுக்கு இடையே மதிப்புகளைச் சேமித்துவைக்கும் கேஷில் அந்தப் பெயர் இல்லாதபோது, நூலகத்தின் ஆப்ஷன் கட்டளை (ஆம்/இல்லை தெரிவை அறிவிப்பது) தன் இயல்பு மதிப்பைக் கேஷில் எழுதி, நாம் வைத்த சாதாரண மாறியை நீக்கிவிடுகிறது. இரண்டாம் முறை கேஷில் பெயர் இருப்பதால் நம் மாறியைத் தொடுவதில்லை.

மேற்கோப்பிலேயே கொள்கையைப் புதியது என்று அறிவித்தேன், பலனில்லை. நூலகம் தன் முதல் வரியில் குறைந்தபட்சப் பதிப்பு 3.1 என்று சொல்வதால், அதன் எல்லைக்குள் பிற்காலக் கொள்கைகள் மீண்டும் அமைக்கப்படாத நிலைக்கே திரும்பிவிடுகின்றன. அந்த நிலையில் எதைக் கொள்ள வேண்டும் என்று சொல்லும் சிமேக்_பாலிசி_டிஃபால்ட்_சி.எம்.பி.0077 மாறியை, துணை அடைவைச் சேர்க்கும் வரிக்கு மேலே வைத்த பிறகே விடிந்தது. கீழே வைத்து ஒரு மாலையை இழந்தேன்.

“டெவ் எச்சரிக்கையை மூடிடலாமே, அண்ணே” என்றார் குழுவில் உள்ள தம்பி. நான் ஒப்பவில்லை. அதை மூடும் கட்டளைவரிக் கொடி, கைவிடப்படவுள்ள வசதிகள் பற்றிய எச்சரிக்கைகளையும் சேர்த்தே மறைக்கும். என் உபுண்டு 22.04இல் இருப்பது சிமேக் 3.22 என்பதால் இப்போது அமைதி. 2025இல் வந்த சிமேக் 4.0, குறைந்தபட்சப் பதிப்பு 3.5க்குக் கீழ் என்ற அறிவிப்புகளை ஏற்காமல் பிழையென நிறுத்திவிடும்.

ஆகவே நூலகத்தாருக்கு 3.5 முதல் 3.31 வரை என வீச்சாக அறிவிக்கும் ஒட்டு (நிரல் திருத்தம்) ஒன்றை அனுப்பியுள்ளேன். அது ஏற்கப்பட்டால் சி.எம்.பி.0077 அங்கேயே புதியதாகிவிடும். என் வரியை நீக்கிவிடலாம். அதற்குள் டேப் என்ற இன்னொரு பழைய தமிழ்க் குறியாக்கத்தின் அட்டவணையைத் தொடங்கிவிட்டேன். கொம்பு மெய்க்கு முன்னே நிற்கும் வரிசையை மாற்றும் பகுதி பாதியில் இருக்கிறது.