அப்பத்தா புளி போட்டு விளக்கிய வாள்

எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், 1946-இல் பட்டாளத்திலிருந்து கல்லலுக்குத் திரும்பியபோது ஒரு பச்சை ட்ரங்குப் பெட்டியோடு வந்தார். அதில் ஒரு வாள், நடுவில் சிவப்பு வட்டமும் சுற்றிலும் கிறுக்கல் எழுத்துமாக ஒரு பட்டுத்துணி, பிஸ்கட் டின் நிறைய நோட்டுகள், மூன்று பதக்கங்கள். பர்மாக் காட்டில் ஒரு ஜப்பான் ஆபீசரோடு ஒண்டிக்கு ஒண்டி நின்று பறித்த வாள் என்று சித்தப்பா சொல்லிச் சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அப்பத்தா அதை எடுத்துப் புளி போட்டு விளக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, அரிவாள்மணைக்குப் பக்கத்தில் சாத்தி வைப்பார்.

போன வருஷம் வீட்டைப் பாகம் பிரிக்கும் பேச்சு வந்தது. பெட்டியை யார் எடுத்துக்கொள்வது என்ற கேள்வியும் கூடவே வந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் வாங்கி விற்கும் ஒருவரைச் சித்தப்பா வீட்டுக்கு அழைத்து வந்தார். அவர் வாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது ஜப்பானெல்லாம் இல்லைங்க, சிவகங்கைச் சீமை வாள், மருது பாண்டியர் காலம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து நோட்டுகளைப் பார்த்தார். “இது நேதாஜி படைப் பணம், அப்படிச் சொன்னால் நல்ல விலை போகும்” என்றார். போகிற போக்கில் வாளின் அடிப்பக்கத்தில் உப்புத்தாளை வைத்து நாலு இழுப்பு இழுத்து, “உள்ளே இரும்பு எப்படி மின்னுது பாருங்க” என்று காட்டினார். எண் பொறித்திருந்த இடத்துக்கு ஒரு விரல் தள்ளி அந்தத் தேய்ப்பு விழுந்தது. இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

அன்றைக்கு ராத்திரிதான் முடிவு செய்தேன். விற்பது, வைத்துக்கொள்வது எல்லாம் அப்புறம். முதலில் இவை என்னவென்று தெரிய வேண்டும்.

பதக்கங்களில் தொடங்கினேன். இரண்டு ஆறுமுனை நட்சத்திரங்கள், ஒன்று வட்டம். நட்சத்திரங்களில் ஒன்றின் வட்டத்துக்குள் ‘தி பர்மா ஸ்டார்’ என்று இருந்தது. மற்றது 1939-45 ஸ்டார். வட்டப் பதக்கத்தின் ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை, மறுபக்கம் இரட்டைத் தலை டிராகனை மிதித்து நிற்கும் சிங்கம். இது போரில் இருந்த எல்லோருக்கும் கிடைத்த வார் மெடல். இந்த நட்சத்திரங்களைப் பிரிட்டன் தன் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்தவற்றில் எண்ணும் பெயரும் பொறித்தவை கிடைக்கின்றன. அந்த எண்தான் எனக்கு வேண்டியிருந்தது. அப்பத்தாவின் புளி நாற்பது வருஷம் வேலை செய்திருந்ததால் பர்மா ஸ்டாரின் பின்புறம் வழவழவென்று வெறுமையாக இருந்தது.

பகலில் எப்படிப் பார்த்தாலும் தெரியவில்லை. ராத்திரி விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் பதக்கத்தின் தளத்துக்கு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். வெளிச்சம் மேலே படாமல் உரசிக்கொண்டு போகும்போது பள்ளங்களில் நிழல் விழுகிறது. டார்ச்சை மெதுவாகச் சுற்றினேன். முதலில் ஒரு ஏழு, அப்புறம் இரண்டு சுழியம், அப்புறம் ஐயாவின் பெயரில் பாதி. என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக நோட்டில் எழுதிக்கொண்டாள். பெட்டியின் அடியில் காகிதத்துக்குக் கீழே கிடந்த, பட்டாளத்திலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தால், அதே எண். மெட்ராஸ் சாப்பர்ஸ் படை, லான்ஸ் நாயக் பதவி.

சாப்பர் என்றால் பாலம் போடுகிறவர், கண்ணிவெடி எடுக்கிறவர், பாதை வெட்டுகிறவர். பட்டாளத்தில் மெட்ராஸ் சாப்பர்களைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெங்களூருவில் உள்ள அவர்களின் ஆவணப் பிரிவுக்கு டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகல், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் வைத்துக் கடிதம் போட்டேன். அதற்கு முன்னால் தவறான அலுவலகம் ஒன்றுக்கு எழுதி இரண்டு மாதம் வீணானது தனிக்கதை. எழுதுகிறவர்கள் படை எண்ணை முதல் வரியிலேயே போடுங்கள். பெயரை வைத்துத் தேடினால், ஒரே பெயரில் நம் பக்கத்து ஆட்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. 1944 நவம்பரிலிருந்து 1946 தொடக்கம் வரை பர்மா.

தேவகோட்டையில் இருக்கும் அத்தைக்கு எண்பத்துநாலு வயது. கதையை அதுவரை சித்தப்பாவிடம் மட்டுமே கேட்டிருந்தேன், அத்தையிடம் கேட்கத் தோன்றவே இல்லை. இப்போது போய்க் கேட்டேன். “சண்டையப் பத்தி ஐயா ஒண்ணும் சொன்னதில்லப்பா. பெரிய ஆத்துல படகு மேல இரும்புப் பாலம் போட்டதத்தான் சொல்லுவாக. வாளா? சண்டை முடிஞ்சப்புறம் வரிசையா நிக்க வச்சு ஆளுக்கொண்ணு குடுத்தாகளாம்” என்றார்.

1944 டிசம்பரில் பர்மாவில் ஓடும் சிந்த்வின் ஆற்றின் மேல், கலேவா என்ற ஊரில், 1,154 அடி நீளத்துக்கு மிதவைகள் மேல் பெய்லி பாலம், அதாவது துண்டு துண்டாகக் கோக்கும் இரும்புப் பாலம், போட்டார்கள். அதைத் தாண்டித்தான் பட்டாளம் மத்திய பர்மாவுக்குள் இறங்கியது. ஐயா பர்மாவில் இருந்த காலமும் அத்தை சொன்ன படகுப் பாலமும் சேர்ந்து வருகின்றன. பாலம் போட்ட மனுஷனை இத்தனை வருஷமாக வாள்சண்டைக்காரர் ஆக்கி வைத்திருந்தோமே என்று எனக்கு ரொம்ப வருத்தமாகிவிட்டது.

சரி, வாளுக்கு வருகிறேன். பிடி பார்ப்பதற்கு நூல் சுற்றியது போல இருந்தாலும் தொட்டால் சில்லென்று உலோகம். பிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. கைப்பிடி அலுமினியம். சுற்றுப் போட்ட மாதிரி அச்சில் வார்த்து, பழுப்பு வண்ணம் அடித்திருக்கிறார்கள். வண்ணம் மேட்டிலெல்லாம் போய்விட்டது, பள்ளத்தில் மட்டும் காய்ந்த சந்தனத்தோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. இது ஜப்பான் ராணுவத்தின் 95-ஆம் மாதிரி வாள். அவர்களின் பேரரசு ஆண்டுக் கணக்கில் 2595, நமக்கு 1935. ஹவில்தார் மாதிரியான ஆட்களுக்கு ஆலையில் செய்து கொடுத்தது. பிடி முதலில் செம்பில், அப்புறம் அலுமினியத்தில், போரின் கடைசியில் மரத்தில் என்று இறங்கிக்கொண்டே வந்தது. ஆபீசர் வாள் வேறு வகை. அதில் பிடிக்குத் திருக்கைத் தோல் போர்த்தி உண்மையான நாடா சுற்றியிருக்கும். மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தால் பிடி கழன்றுவரும், உள்ளே அலகின் வாலில் கொல்லர் பெயர் வெட்டியிருந்தாலும் இருக்கும். அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், அந்த வாலில் படிந்த கறுப்புத் துருவைத் தொடவே தொடாதீர்கள். அலகின் வயதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் அந்தத் துருவைத்தான் பார்க்கிறார்கள். அதைச் சுரண்டிவிட்டால் வாய் இருந்தும் பேச முடியாத சாட்சி ஆகிவிடும்.

எங்கள் வாளில் அலகின் அடிப்பக்கம் ஒரு வரிசை எண் இருக்கிறது. உறையின் வாயிலும் ஓர் எண் இருக்கிறது. ஆலையில் செய்யும்போது இரண்டும் ஒன்றாக இருக்கும். எங்களுடையதில் வேறு வேறு. இதைத் தெரிந்துகொண்ட அன்று போலி என்றே பயந்துவிட்டேன். இந்த வாள்களுக்குப் போலிகள் ஏராளம். அவற்றில் பிடியின் அச்சு மழுங்கியிருக்கும், எண்கள் பெரிதாகக் கோணலாக விழுந்திருக்கும், உறை தொட்டாலே புதுசு என்று தெரியும். எங்களுடையதில் எண்கள் சின்னதாக ஆழமாக நேர்வரிசையில் இருக்கின்றன. உறையைப் பூட்டும் கொக்கி இன்னும் ‘டக்’கென்று விழுகிறது. அதற்கு மேல், வாள் 1946-இலிருந்து இந்த வீட்டை விட்டு வெளியே போனதே இல்லை. போலிச் சந்தை எல்லாம் வெகு பின்னால் வந்தது. அத்தை சொன்னபடி குவியலில் இருந்து எடுத்துக் கொடுத்தது என்றால், ஓர் உறையில் வேறொரு வாள் நுழைந்திருப்பதில் அதிசயம் இல்லை. விலை பார்ப்பவனுக்கு அது குறைதான். எனக்கு அந்தப் பொருந்தாத எண்கள் அத்தையின் வார்த்தைக்குத் துணை நிற்கின்றன.

ஒரு விஷயம் கவனமாக இருங்கள். வாள் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் பொருள். பையில் போட்டு பஸ்ஸில் ஊர் ஊராகக் காட்டிக்கொண்டு போகாதீர்கள். நான் ஒரு வக்கீலைக் கேட்டு, இன்ன பொருள் இன்னார் வழியில் வந்தது என்று எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்கி வைத்தேன். பார்க்க வேண்டியவர்களுக்குப் படம்தான் அனுப்பினேன். குண்டு, தோட்டா மாதிரி ஏதாவது பெட்டியில் இருந்தால் கையே வைக்காமல் போலீசைக் கூப்பிடுங்கள், எண்பது வருஷம் ஆனாலும் அது வெடிக்கும்.

நோட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘தி ஜாப்பனீஸ் கவர்ன்மென்ட்’ என்று ஆங்கிலத்திலேயே அச்சடித்து, ‘பி’ எழுத்தில் தொடங்கும் குறியோடு இருந்தால் அது ஜப்பான்காரன் பர்மாவுக்கு அடித்த ரூபாய். மலேயாவுக்கு ‘எம்’. போர் முடிந்ததும் செல்லாக்காசு. செட்டிநாட்டில் இது பல வீட்டுப் பெட்டியில் கிடக்கும், 1942-இல் ரங்கூன் விழுந்தபோது கிளம்ப முடியாமல் அங்கேயே தங்கிவிட்ட கடைக்காரர்கள் மூலமாகவும் வந்திருக்கிறது. ஆகவே நோட்டை வைத்து ஒருவர் பட்டாளத்தில் இருந்தார் என்று சொல்ல முடியாது. நேதாஜி படைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விலைக்காக அந்தப் பெயரை ஒட்டி விற்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை, அந்தப் படையில் உண்மையாகவே சேர்ந்த தோட்டத் தொழிலாளர்களின் வீடுகள் இந்தப் பக்கத்திலேயே இருக்கின்றன.

கடைசியாகத் துணி. அதை எடுத்து விரித்த நாள் எனக்கு மறக்காது.

காரைக்குடியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நண்பரிடமிருந்து கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை இரவல் வாங்கி வந்தேன். இருட்டில் துணி மேல் பிடித்தேன். பக்கத்தில் இருந்த என் வேட்டி நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தது. பட்டுத்துணி மங்கலாகவே கிடந்தது. இப்போதைய துணியிலும் சோப்புத்தூளிலும் இருக்கும் வெளுப்பு மருந்துதான் அப்படி ஒளிரும். நல்லவேளை, அப்பத்தா இதை மட்டும் துவைக்கவில்லை. எழுத்துகள் தூரிகையால் எழுதிய மை. பின்பக்கம் திருப்பினால் மை நூலுக்குள் ஊறி இறங்கியிருந்தது. ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு கையெழுத்து. சில திடமாக, சில நடுங்கி, ஒரு மூலையில் சின்னப்பிள்ளை எழுதியது போல ஒன்று. கட்டிக்கொள்வதற்காக மூலையில் முக்கோணமாகத் தோல் தைத்திருந்தது. போலிகளில் எல்லாப் பெயரையும் ஒரே கை எழுதியிருக்கும்.

தம்பி மகன் ஒரகடத்தில் ஒரு ஜப்பான் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். படத்தை அவனுக்கு அனுப்பினேன். அவன் தன் மேலதிகாரியிடம் காட்டியிருக்கிறான். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, வாசித்துச் சொன்னாராம். மேலே குறுக்காகப் பெரிய எழுத்தில் ‘புவுன் சோக்யூ’, போரில் உன் அதிர்ஷ்டம் நீடிக்கட்டும் என்று அர்த்தம். வலது ஓரத்தில் யாருக்கு என்று ஒரு பெயர். சுற்றியிருப்பது அப்பா, மாமா, வாத்தியார், கூடப் படித்தவர்கள், அக்கம்பக்கம். போருக்குப் போகிற பையனுக்கு ஊரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கொடி. அதை அவன் மடித்து உடம்போடு வைத்துக்கொண்டு போவான்.

இதை எங்கள் வீட்டில் வெற்றிக் கொடி என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பெட்டியிலேயே நூற்றுக்கு நூறு அசல் என்று நிரூபணமான பொருள் அதுதான், எங்களுக்குக் கொஞ்சமும் சொந்தமில்லாத பொருளும் அதுதான். உடம்பு கிடைக்காமல் போன பையன்களின் வீட்டுக்கு இந்தக் கொடி ஒன்றுதான் திரும்பி வருகிறது என்று அந்த மேலதிகாரி சொல்லியிருக்கிறார்.

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து அஸ்டோரியாவில் ஓபோன் சொசைட்டி என்று ஓர் அமைப்பு இருக்கிறது. ரெக்ஸ் ஜீக், கெய்கோ ஜீக் என்ற கணவனும் மனைவியும் 2009-இல் தொடங்கியது. இப்படிப்பட்ட கொடிகளைக் காசு வாங்காமல் குடும்பங்களுக்குச் சேர்க்கிறார்கள். அவர்களுக்கு எழுதினேன். முழுக் கொடியின் படம், ஒவ்வொரு மூலையின் படம், எங்கே எப்படிக் கிடைத்தது என்ற விவரம் கேட்டார்கள். ‘சண்டையில் பறித்தது’ என்று எழுதவில்லை. அத்தை சொன்னதையும் ஆவணப் பிரிவின் பதிலையும் அப்படியே எழுதினேன். சித்தப்பா முதலில் கோபப்பட்டார். அப்பாவைச் சின்னவராக்குகிறாய் என்றார். பெங்களூருவிலிருந்து வந்த கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தார். மறுநாள் காலையில் கொடியைச் சுற்றுவதற்குத் தன்னுடைய புது வேட்டி ஒன்றை, கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்து, அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

கொடியை அனுப்பி ஐந்து மாதம் ஆகிறது. ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்கள், குடும்பத்தைத் தேடுகிறார்கள்.

வாள் சித்தப்பா வீட்டில் இருக்கிறது. தையல் மிஷின் எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டுத் துடைப்பதோடு சரி. இந்த ஆயுத பூஜைக்கு வெள்ளைத்துணி விரித்து அதன்மேல் வைத்தோம். சந்தனத்தைத் துணியின் ஓரத்தில் வைத்தார் சித்தி, வாளில் வைக்கவில்லை.