அடைப்பு நெஞ்சில், அவதி தொடையில்

அடைபட்ட இதயத் தமனியைத் திறந்தே வைக்கும் சின்னக் கம்பி வலையான ஸ்டென்டை வைத்துக்கொண்டவனிடம் எல்லோரும் நெஞ்சைப் பற்றியே விசாரிக்கிறார்கள். என் நெஞ்சு சமர்த்தாகத்தான் இருக்கிறது. படுத்தியெடுத்தது வலது தொடை இடுக்கு.

ஸ்டென்டை இதயம்வரை கொண்டுபோகும் மெல்லிய குழாயை இப்போது பெரும்பாலும் மணிக்கட்டு வழியாகத்தான் செலுத்துகிறார்கள். எனக்கும் முதலில் அங்கேதான் முயன்றார்கள். ரத்தக்குழாய் சுருங்கிக்கொண்டு வழிவிடவில்லை, தொடைக்குப் போனார்கள். 1977-இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் கிரன்ட்ஸிக் முதன்முதலாக இதயத் தமனிக்குள் பலூனை விரித்ததும் தொடை வழியாகத்தான் என்பதால், புது வழியொன்றும் இல்லை.

குழாயை எடுத்த பிறகு அந்த இடத்தை அழுத்திப் பிடித்து, மணல் மூட்டை வைத்து, காலை மடக்கக் கூடாது என்று கிடத்தினார்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் வரை கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிற்று. அது தானாகக் கரையும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட கட்டி, நாடியோடு சேர்ந்து துடித்தது. என் மனைவி தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்கே ஒரு நெஞ்சு முளைத்திருக்கிறதே!" என்றாள்.

ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் விஷயம் தெரிந்தது. ஊசி போன துளை மூடவில்லை. கசிந்த ரத்தம் தமனிக்கு வெளியே ஒரு பையாகத் தங்கி, துளை வழியே போவதும் வருவதுமாக இருந்தது.

"ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையைச் சில நாள் நிறுத்தினால் துளை அடைபடாதா?" என்று கேட்டேன். டாக்டர் மறுத்துவிட்டார். ஸ்டென்டின் கம்பிகள் மேல் புதிய சவ்வு படர்ந்து மூட மாதங்கள் ஆகுமாம். அதற்குள் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். மேலே உறையக் கூடாது, கீழே உறைய வேண்டும். உடம்போ ஒன்றுதான், ரத்தமும் ஒன்றுதான்!

முதலில் ஸ்கேன் கருவியாலேயே கட்டியை அழுத்திப் பார்த்தார்கள். எனக்கும் வலி, அழுத்திய இளம் டாக்டருக்கும் கை வலி, பலன் இல்லை. பிறகு ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பின் என்ற மருந்தை அந்தப் பைக்குள் ஊசியால் செலுத்தினார்கள். திரையில் சிவப்பும் நீலமுமாகச் சுழன்றுகொண்டிருந்தது சில நொடிகளில் நின்றுபோயிற்று.

அடுத்த வாரம் ஆஞ்சியோவுக்குப் போகும் தம்பியின் மைத்துனன் போன் செய்தான். கட்டி துடித்தாலோ, பாதம் சில்லிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு, பல் பிடுங்கப் போனாலும் இதய டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதே என்று விரிவாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அண்ணா, முட்டை சாப்பிடலாமா?" என்றான்.